சின்னவளை நம் கடைக்கே அனுப்பிய கதை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து மறுபடியும் பேருந்து ஓட்டப் போகிறார். அங்கே நீயும் மருமகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள், இருக்க வேண்டும். நலம் விசாரித்தாயிற்று, இனி உன்னைத் திட்டப்போகிறேன், உட்கார்ந்து படி. போனில் திட்டினால் சிக்னல் இல்லம்மா என்று வைத்துவிடுவாய், அதற்குத்தான் இந்தக் காகிதம்.

சின்னவளின் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஐந்து நாள் வேலையிடங்களுக்கு அனுப்பி, எந்தத் தொழில் எப்படி இருக்கும் என்று பார்க்க வைக்கிறார்கள். மூன்று விருப்பம் எழுதித் தரவேண்டும். இவள் மூன்று கட்டத்திலும் குடிநீர் பரிசோதனைக் கூடம் என்றே எழுதினாள். ரெண்டாவதா வேற ஏதாவது எழுதுடி என்றேன், இருந்தாத்தானேம்மா எழுத என்றாள். திங்கட்கிழமை காலை நான் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன், கழுத்தில் அட்டையோடு வந்து நிற்கிறாள். அட்டையில் நம் குழாய்க் கடைப் பெயர், பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர். வணக்கம் மேடம், வேலை கத்துக்க வந்திருக்கேன் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே நின்றுவிட்டது. பெற்றோர் தொழில் என்ன என்று பார்த்து, தையற்காரர் பிள்ளையைத் தையற்கடைக்கு, குழாய்க்காரி பிள்ளையைக் குழாய்க் கடைக்கு என்று சோம்பேறித்தனமாகத் தள்ளிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் கடையை அவளிடமே விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். தொழில் வழிகாட்டி ஆசிரியை நான் கத்தி முடிக்கும் வரை பொறுமையாக இருந்தார். பிறகு நோட்டைத் திருப்பிக் காட்டினார். பரிசோதனைக் கூடத்துலதாம்மா இடம் போட்டிருந்தேன், உறுதி பண்ணிக்க உங்களக் கூப்பிட்டேன், நீங்க எடுக்கல, விண்ணப்பத்துல இருந்த இன்னொரு நம்பர் உங்க பெரிய பையனோடது, அதுக்குப் போட்டேன், அவ அம்மா கடையத்தான் பாத்துக்கப் போறா, அந்த இடத்த வேற பிள்ளைக்குக் குடுங்கன்னாரு, நீங்க சொல்லித்தான் பேசறாருன்னு நெனச்சேன் என்றார். நான் போட்ட கூச்சலுக்கு அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். உன்னால் எனக்கு இந்தத் தலைகுனிவு.

யார் சொன்னது உனக்கு? எனக்கப்புறம் இந்தக் கடைய யாரு பாக்கப்போறா என்று நான் புலம்பினேன் என்பாய். ஏண்டா, அது கடைக்காரி புலம்பல். இந்த வெலைக்குக் குடுத்தா கடைய மூடிட்டுப் போகணும் என்று இருபத்திரண்டு வருடமாக வருகிற ஆளிடமெல்லாம் சொல்கிறேன், ஒரு நாளாவது மூடினேனா? என்னோடு கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்த உனக்கே இது தெரியாதா? தெரியும். கடையை விட்டுவிட்டு வந்தோமே என்று உனக்கு உறுத்துகிறது, அந்த இடத்தில் தங்கையை உட்கார வைத்துவிட்டால் உனக்கு நிம்மதி. உன் நிம்மதிக்கு அவள்தான் கிடைத்தாளா? நீ போகிறேன் என்றபோது நான் மறித்தேனா?

அதைவிட எனக்கு எரிச்சல், பெண் வேலையில் கெட்டிக்காரியாக இருக்கிறாள். புதன்கிழமை நம் வழக்கமான மேஸ்திரி மட்ட ரகக் குழாய் நாற்பது கேட்டார். குடிக்கிற தண்ணிக்கா தோட்டத்துக்கா அங்கிள், குடிக்கிறதுக்குன்னா இது வேணாம் என்று எடுக்கவே விடவில்லை. அவர் முனகிக்கொண்டே நல்லதை வாங்கிப்போனார், பெரியவன் இருந்தப்ப இந்தக் கேள்வியெல்லாம் கெடையாது என்று என்னிடம் ஒரு குத்து வேறு. வெள்ளிக்கிழமை பொறுப்பாளர் நிரப்ப வேண்டிய தாளை நீட்டினாள். இந்தத் தொழிலுக்கு மாணவி ஏற்றவரா என்று ஒரு கேள்வி, அதை வைத்துத்தான் பதினொன்றில் அறிவியலா வணிகவியலா என்று பரிந்துரைப்பார்களாம். ஏற்றவள்னு எழுதினா கடைதானாம்மா என்று கேட்டாள். பொய் எழுத எனக்கு வராது. ஏற்றவள், இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்வாள், ஆனால் அவள் கேட்டது வேறு, அதைக் காட்டாமல் எந்தப் பரிந்துரையும் செய்யாதீர்கள் என்று எழுதி முத்திரை குத்தினேன்.

ஆசிரியை நல்லவர். அடுத்த மாதக் குழுவில் கூடுதலாக ஓர் இடம் கேட்டுப் பார்க்கிறேன் என்கிறார். ஆனால் இன்னைக்கு நீங்க ஒண்ணு சொல்லி நாளைக்கு அவரு மாத்திச் சொன்னா நான் என்ன பண்றது, ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க என்கிறார், நியாயம்தான். நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரையும் கேட்காமல் சொன்னேன், அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று நீ உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு இம்மாதக் கடைசிக்குள் அனுப்பு. அப்பா வழக்கம்போல, விடு, பையன் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பான் என்கிறார். அவரையும் திட்டிவிட்டேன்.

நீதான் போன் செய்தாய் என்று நேற்று சின்னவளிடம் சொன்னேன். அழுவாள், கத்துவாள் என்று பார்த்தேன். இவளோ, அண்ணன் சொன்னா யோசிச்சுத்தான் சொல்லியிருக்கும், கடையே போதும்மா என்கிறாள். உன்மேல் அவளுக்கு இருக்கிற மரியாதை அவ்வளவு. அதனால் ஆசிரியைக்கு எழுதுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிடு, ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பாள். நீ தப்பு செய்தாய் என்று உன் வாயால் சொல்லு. நான் சொன்னால் அவள் நம்பமாட்டேன் என்கிறாள்.

மருமகளும் நீயும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே.

கோபம் இன்னும் தீராத,
உன் அம்மா