ஒயின் குடித்த எலி

கணபதி என்கிற ஊரில் ஷைலா என்று ஒருத்தி இருந்தாள். புருஷனோடு பேசுவதில்லை என்று நேற்று சொல்லிவிட்டாள்; எழுதுவதில்லை என்று சொல்லவில்லையே! அதனால் இந்தக் கதையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு டியூட்டிக்குப் போகிறாள்.

நேற்று மத்தியானம் புருஷன் ஜேக், விருந்துக்கு வந்த கூட்டாளிகள் முன்னால், அவள் கிறிஸ்துமஸுக்குப் போட்ட இனிப்புத் திராட்சை ஒயினைக் காட்டி, "இது இருமல் டானிக்குங்க" என்று சிரித்தார். தந்தூரிக் கோழிக்கு, கடையில் வாங்கிய துவர்ப்பான சிவப்பு ஒயின்தான் ஜோடியாம். மிளகாய்த்தூள் விஷயத்தில் ஷைலா கஞ்சத்தனம் பார்க்காதவள். அந்தக் காரத்தின் மேல் இந்தத் துவர்ப்பு இறங்கியதும் எல்லோர் கண்ணிலும் தண்ணீர். "அம்மணி, மோர் இருக்குதா?" என்று முதலில் ஓடி வந்தது யாரென்று அவள் எழுத மாட்டாள்.

இன்று காலையில் பார்த்தால் அவளுடைய ஒயின் ஜாடி பாதி காலி. எலி குடித்திருக்கலாம். ஆனால் எலி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்காது. பக்கத்தில் சப்பிப் போட்ட கோழிக்கால் எலும்பு வேறு!

சாயங்காலம் சூலூரிலிருந்து ஷைலாவின் அப்பா வருகிறார். மசாலா தடவிய கோழி ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் இருக்கிறது. கம்பியில் குத்திச் சுடுவது ஜேக்கின் வேலை. அதற்கு ஜோடியாக எந்த ஒயினை ஊற்றுவது என்று அந்த எலியிடமே கேட்டுக்கொள்ளலாம்.

பி.கு.: ஏனுங்க, வெளிய போனா சாவியப் பக்கத்து ஊட்டுல குடுத்துப்போட்டுப் போங்க.

இன்னொண்ணு: அடுத்த ஜாடிக்குப் பன்னீர் திராட்சை வாங்கியாங்க. திராட்சை ஊட்டுக்கு வந்தா, எனக்குப் பேச்சும் வருமுங்க.