கப்டன் எழுதிய மரணம்

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் மகள் சுபானி இங்கே எசன் நகரத்துக்கு வந்து தன் ஆய்வேட்டை எனக்கு வாசித்துக் காட்டினாள். நானூறு வருடங்களுக்கு முந்தைய ஓர் ஆங்கிலேயக் கடற்படைக் கப்டனின் கதை. உயிரோடிருந்த கூட்டாளியைத் தீவொன்றில் விட்டுவிட்டு, செத்துவிட்டான் என்று கப்பல் பதிவேட்டில் எழுதித்தான் அவர் பதவிக்கு வந்தாராம். வாசிக்கும்போதே அழுதாள்.

பிறகு, "உங்கட அகதிக் கேஸ் மட்டும் ஏன் பன்னிரண்டு வருசம் இழுபட்டது, சித்தப்பா?" என்று கேட்டாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை, பயப்பிடாதேங்கோ. ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியதும் உங்கட கேஸுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த, பிறகு என் கேஸில் அதிகாரிகள் எடுத்துக் காட்டிய அகதி விண்ணப்பத்தின் நகலை மட்டும் அவள் கையில் கொடுத்தேன். பழைய கையெழுத்துகளை வாசிப்பதில் பிள்ளை வலு கெட்டிக்காரி.

இப்படிக்கு,
அந்த விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் ஆமி சுட்டுச் செத்துப்போன
உங்கள் தம்பி