தெக்லேயின் சைக்கிளில் கை வைத்தேன்

அஸ்மாரா
அக்டோபர் 9

அன்புள்ள தெக்லேக்கு,

லெம்லெம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். இந்தக் கடிதத்தைச் சைக்கிள் பட்டறை உக்பாயின் மைத்துனி மெப்ராத் கொண்டுவருகிறாள். நீ இருக்கும் ஸ்டாக்ஹோமில்தான் அவளும் நர்ஸாக இருக்கிறாள். விடுமுறை முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறாள். கூடவே ஒரு பை மிளகாய்ப்பொடியும் ஷிரோக் கடலைமாவும் அனுப்பியிருக்கிறேன். இரண்டும் உன் அக்கா ஹரெகு வறுத்து அரைத்தவை. நான் செய்ததாக நினைத்துப் போனில் புகழ்ந்துவிடாதே, பிறகு ஒரு மாதத்துக்கு அவள் என்னோடு பேசமாட்டாள்.

இந்த வருடம் மழை நின்று பெய்தது. மெஸ்கெல் பண்டிகைக்கு வயலெல்லாம் மஞ்சள் பூ. பெலெஸ் கள்ளிப்பழம் சந்தையில் குவிந்து கிடந்தது, முள் எடுத்து உரித்துத் தின்னத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் சைக்கிளில் கை வைத்துவிட்டேன். ஃபிரேமின் கீழ்க்கம்பத்தில் இருந்த கியர் லீவர் இரண்டையும் கழற்றியாயிற்று. இப்போது கியர் மாற்றுவது பிரேக் பிடியிலேயே இருக்கிறது, கையை எடுக்காமல் விரலால் தட்டினால் போதும். முன்னால் ஒரே பல்சக்கரம். பின்னால் ஆறு இருந்த இடத்தில் ஒன்பது. நீ இத்தாலிக்காரக் கிழவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வண்டி, அதில் ஒரு திருகைக்கூட மற்றவர் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போன வண்டி. தெரிந்துதான் செய்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பிப்ரவரியில் இருந்து தொடங்க வேண்டும். சந்தைக்குப் பின்னால் உள்ள திருப்பத்தில் ஒரு மினிபஸ் என்னை உரசிவிட்டது. என் வண்டி சக்கரத்துக்கடியில் போய் நசுங்கியது. எனக்கு இடது முழங்கை உடைந்தது. பதினோரு வாரம் கட்டு போட்டிருந்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் நரம்பு சரியாகவில்லை. சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் உணர்ச்சி இல்லை. மற்ற விரல்கள் வளையும், இறுக்கிப் பிடிக்காது. தண்ணீர்க் குவளையைத் தூக்கினால் நழுவுகிறது. இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தப் பதினோரு வாரமும் நீ ஞாயிறு தவறாமல் போன் செய்தாய். நான் வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு நல்லா இருக்கேன் என்றேன். ஹரெகுவிடமும் வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். உன்னால் வர முடியாத நேரத்தில் சொன்னால், நீ அங்கே உட்கார்ந்து உன்னையே தின்றுகொண்டிருப்பாய். அதனால்தான் மறைத்தேன். கோபப்படு, ஆனால் இதைப் படித்து முடித்தபிறகு படு.

பாடம் எடுக்க அதி நெபாஸ் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் தினமும் போயாக வேண்டும். பஸ் வந்தால் உண்டு. ஹரெகுவின் பழைய சைக்கிளை எடுத்துப் பார்த்தேன், கனம் தாங்கவில்லை, மேட்டில் ஒரு கையால் தள்ளக்கூட முடியவில்லை. கடைசியில் சுவரில் மாட்டியிருந்த உன்னுடையதை இறக்கினேன். இத்தனை வருடம் வாரம் ஒருமுறை துணியால் துடைத்ததோடு சரி. அன்றைக்கு ஏறி உட்கார்ந்ததும் கால் தானாகவே மிதித்தது. ஆனால் அந்த ஊருக்கு முன்னால் வரும் அந்தக் கடைசி ஏற்றத்தில் கியரை இறக்கக் குனிந்து வலது கையை எடுத்தேன். இடது கை ஹேண்டில்பாரைப் பிடிக்கவில்லை. வண்டி தானே திரும்பி என்னைக் கொண்டுபோய்ப் பெலெஸ் புதரில் போட்டது. என் ஆறாம் வகுப்புப் பெண்கள் நாலு பேர் என் முதுகில் இருந்து முள் எடுத்தார்கள். "டீச்சர், பழம் பறிக்கப் போனீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். மறுவாரம் அதே இடத்தில் மறுபடி விழுந்தேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

உக்பாயிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். உன் நண்பனைப் பற்றி உனக்குத் தெரியாதா? பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டு, "இது தெக்லே வண்டி. அவன் வாயால சொல்லாம இதுல ஒரு ஆணியக்கூடக் கழட்ட மாட்டேன், தங்கச்சி. வேணும்னா காப்பி குடிச்சிட்டுப் போ" என்றார். உன்னைக் கேட்டால் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதனால் அடுத்த திங்கட்கிழமை போய், தெக்லே சரி என்று சொல்லிவிட்டார் என்று பொய் சொன்னேன். அவர் காப்பி கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை என்னையே பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்துவந்தார். பந்தயப் பெண் ஒருத்தி புது வண்டிக்கு மாறியபோது விட்டுப்போன கியர் சாமான் அதில் இருந்தது.

புதுச் சக்கரம் உன் ஃபிரேமுக்குள் நுழையவில்லை. நாலு மில்லிமீட்டர் அகலம் அதிகம். பின்பக்க இரண்டு கால்களையும் விரித்தால்தான் உண்டு என்றார் உக்பாய். நாலு மில்லிமீட்டர் வேண்டுமென்றால் அதைப்போலப் பல மடங்கு இழுக்க வேண்டுமாம், விட்டதும் இரும்பு பழைய இடத்துக்கே ஓடிவரப் பார்க்குமாம். பற்றவைத்த இடத்தில் விரிசல் விட்டால் கதை முடிந்தது. மெதெபெர் பழைய இரும்புச் சந்தையில் இருந்து நீளமான மரையாணி ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு கால்களுக்கும் நடுவே வைத்து, ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். ஹரெகுவும் வந்திருந்தாள். "உடைச்சுடாத உக்பாய், எங்க தம்பி வந்து உன் காலை இதே மாதிரி விரிச்சிடுவான்" என்றாள். "வரச்சொல்லு. வந்து விரிக்கட்டும். ஸ்பேனரை நானே எடுத்துக் குடுக்கறேன்" என்றார் அவர்.

எட்டாவது திருகிலோ ஒன்பதாவதிலோ டக் என்று ஒரு சத்தம். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். தெக்லே, இது வெறும் இரும்பு என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். இந்த வீட்டில் உன் உடம்பு பட்டுத் தேய்ந்த பொருள் என்று இதைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லை. சட்டைகளைக்கூடத் துவைத்துத் துவைத்து வாசனை போய்விட்டது. உக்பாய் விளக்கைக் கிட்டே கொண்டுபோய் விரலால் தடவிப் பார்த்தார். "பெயின்ட்டுதான். இரும்பு இல்ல. மூச்சு விடு" என்றார்.

பிறகு முன்னாலிருந்து பின்னால்வரை நூல் கட்டி, இரண்டு பக்கமும் சமமா என்று அளந்து அளந்து வளைத்தார். முழுசாக இரண்டு மாலை அதற்கே போயிற்று. என் இடது கைக்காக அந்தப் பக்கத்துப் பிரேக் ஸ்பிரிங்கைத் தளர்த்தினார், இரண்டு விரல் கொக்கிபோல மாட்டினாலே இப்போது பிடிக்கிறது. இருக்கையை மூன்று விரற்கடை இறக்கினார். குழாயில் உன் உயரத்துக்கு நீ கீறி வைத்த கோடு உள்ளே போய் மறைந்தது. அந்த நிமிடம் மட்டும் நான் வெளியே போய் நின்றேன்.

எல்லாம் முடிந்ததும் பழைய லீவர்களைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். "தெக்லே சரின்னு சொல்லியிருக்க மாட்டான். சொல்றதா இருந்தா எனக்குப் போன் போட்டு ரெண்டு மணி நேரம் பாடம் எடுத்திருப்பான்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். "நீ காப்பிக் கோப்பையை ரெண்டு கையால தூக்கறதப் பார்த்தேன்" என்றார்.

இதுவரை எழுதியது திங்கட்கிழமை. இன்றைக்குப் புதன். மெப்ராத் மாலையில் வந்து வாங்கிக்கொள்வாள்.

நேற்றுப் பள்ளிக்கூடம் இல்லை. காலையில் மஸ்ஸாவா சாலையில் இறங்கினேன். அடிவார ஊரான அர்பெரெபுவரை போய்த் திரும்பி ஏறினேன். உன் வண்டி எப்படி ஏறுகிறது தெரியுமா? விரலைத் தட்டினால் பின்னால் சின்னதாக ஒரு சத்தம், கால் லேசாகிவிடுகிறது. இரண்டு கையும் ஹேண்டில்பாரிலேயே இருக்கின்றன. கீழேயிருந்து பனி மேலே வந்துகொண்டிருந்தது. அந்தச் சாலையில் எப்போதும் நீ முன்னால் போவாய், நான் உன் பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வருவேன். நேற்று முன்னால் வெறும் சாலை. ஒவ்வொரு திருப்பத்திலும் நீ அடுத்த திருப்பத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டே மிதித்தேன். அப்படித்தான் மேலே வந்து சேர்ந்தேன்.

உச்சியில் பழைய பந்தயக்காரர்கள் ஐந்தாறு பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை அடையாளம் கண்டுகொண்டார்கள். "அடேயப்பா, தெக்லே வண்டிக்குப் புதுப் பல்லு கட்டியாச்சே" என்று ஒருவர் கிண்டல் செய்தார். இன்னொருவர், "தெக்லே எப்படிம்மா இருக்கான்?" என்று கேட்டார். "நல்லா இருக்கார்" என்றேன்.

சொன்னதும் எனக்கே சுருக்கென்றது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நான் உன்னிடம் பேசிய குரல் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ என்னிடம் பேசுகிற குரலும் அதுதான். இரண்டு வருடமாக நீ சிரித்து நான் கேட்கவில்லை. முன்பெல்லாம் நீ வேலை செய்யும் பேக்கரியின் சத்தத்துக்கு நடுவே கத்திப் பேசுவாய், இப்போது உன் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. நான் அங்கே வந்து சேர்வதற்கான விசாத் தாள் என்ன ஆயிற்று என்று கேட்டால், அங்கே குளிர் எப்படி என்று சொல்கிறாய். போன வருடம் இங்கிருந்து பார்சல் கொண்டுவந்த ஆளை, வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாயாம். அவர் உன் முகத்தைப் பார்க்கவே இல்லை என்று ஹரெகுவிடம் சொல்லியிருக்கிறார். அவள் என்னிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

தெக்லே, நான் மறைக்க இனி ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் இந்தத் தாளில் எழுதிவிட்டேன். உன்னிடம் இருந்தால் நீயும் எழுது. வேலை போயிருந்தாலும் எழுது. உடம்பு சரியில்லை என்றாலும் எழுது. அந்த வீட்டில் வேறு யாராவது இருந்தால் அதையும் எழுது. நான் அழுவேன், ஆனால் மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவேன். நல்லா இருக்கேன் என்பதை மட்டும் இனிமேல் அனுப்பாதே.

மெப்ராத்திடம் ஒன்று சொல்லியிருக்கிறேன், நீ நேரில் வந்து வாங்காமல் இந்தக் கடிதத்தையும் பையையும் கீழே வைக்கக்கூடாது. அவள் பிடிவாதக்காரி, வாசலிலேயே நிற்பாள். மரியம் அன்னை உனக்குத் துணையிருக்கட்டும், உன் கைகால்களைக் காக்கட்டும்.

அவள் தட்டும்போது கதவைத் திற.

உன்,
லெம்லெம்