முன்வரிசை சோபாக்கள்

என் பிரியமுள்ள அத்தான்,

நீங்கள் கண்மூடிய பிறகும், உங்கள் மச்சினன் நான், ஊர்ச் செய்திகளை மனதுக்குள் உங்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றைக்கு மனதுக்குள் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பேத்தி கோமதி நாடகத்தில் நடிக்கிறாள். வரும் ஞாயிறு, திருநெல்வேலியில், நாம் படம் பார்த்த அதே பழைய பெரிய தியேட்டரில். புதுப்பித்து நாடக அரங்காக்கிவிட்டார்கள். தூண்களும் பால்கனியும் அப்படியே நிற்கின்றன. வாசலில் ‘அனைவரும் வருக’ என்று பலகை.

அக்காவுக்கு இப்போது சுத்தமாகக் காது கேட்பதில்லை. நூல் மில்லில் வேலை பார்த்த காலத்து இரைச்சல் கொண்டுபோய்விட்டது. அந்த இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள் நீங்கள் இருவரும். சினிமாவுக்குப் போனாலும் அக்காவுக்கு உதடு தெரிய வேண்டுமென்றுதான் முன்பெஞ்சு. விக்கிரமசிங்கபுரத்தில் உங்களைக் கஞ்சன் என்றார்கள். கழுத்து சுளுக்கினாலும் பெஞ்சு டிக்கெட்தான் எடுப்பான் என்று சிரித்தார்கள். நீங்கள் ஒருநாளும் காரணம் சொன்னதில்லை. ஏன் அத்தான்?

கோமதி வசனம் படிப்பது அக்காவின் எதிரில்தான். சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைக்கிறாள். அக்கா அடுப்படியில் நின்றபடியே, “கடைசி வார்த்தைய முழுங்குத பிள்ள, பைய சொல்லு” என்கிறாள். மில்லுக்குள் காலே வைக்காத பிள்ளை, மில் பேச்சுப் பேசுகிறது.

ஆகவே அக்கா முன்வரிசையில் உட்கார வேண்டும். பின்னால் போட்டால் அவளுக்கு அது ஊமை நாடகம். எந்த வாசலில் படி குறைவு, கழிப்பறை எந்தப் பக்கம் என்றெல்லாம் முன்கூட்டியே பார்த்துவிடலாமென்று நேற்று அவளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். அவளை மேடைக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அரங்க மேலாளரைப் பார்த்தேன். பேப்பர் நிருபரென்று எனக்கு ஏற்கெனவே பாஸ் கொடுத்திருந்தார்கள்.

“பத்திரிகைக்காரங்களுக்கு முன்வரிசையில இடம் இருக்கு அண்ணாச்சி. அம்மாவ பின்னால ஏ.சி. பக்கம் உக்கார வச்சிருதோம்” என்றார்.

காரணத்தைச் சொன்னேன்.

“முன்னால மத்த சோபா பூராவும் பிரமுகர்களுக்கு அண்ணாச்சி.”

“எல்லாரும் வருவாகளா?”

“வராட்டாலும் காலியாத்தான் கெடக்கணும்.”

இதைச் சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை. பொன்னாடை வாங்கியதும் எழுந்து போகிறவர்களை எத்தனை விழாக்களில் பார்த்திருக்கிறேன்! அவர்கள் போன பிறகும் அந்த சோபாக்களில் யாரையும் உட்காரவிடமாட்டார்கள். முன்பெஞ்சு வெற்றிலை எச்சிலும் மூட்டைப்பூச்சியுமாக இருந்தவரை அந்த இடத்தை யாரும் கேட்கவில்லை. மில்காரர்கள்தான் உட்கார்ந்தார்கள். சோபா வந்ததும் மில்காரர்களை எழுப்பிவிட்டார்கள். வாசல் பலகையில் ‘அனைவரும்’ என்றால் யார் யார் அத்தான்?

மேலாளர் மேடைப்பக்கம் போய், விளக்கு மாட்டிக்கொண்டிருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார். என் காதில் விழவில்லை. நாற்காலியிலிருந்து அக்கா சத்தம் போட்டாள்:

“ஏலே! செவிட்டுக் கெழவிக்கு நாடகம் என்னத்துக்குன்னா கேக்க? கண்ணு நல்லாத்தான் தெரியுது எனக்கு!”

விளக்குக்காரர் ஏணியில் நின்றே சிரித்துவிட்டார். மேலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்காக ஒரு சோபாவும் கிடைக்கவில்லை. என் இடத்தையாவது அவளுக்குக் கொடுங்கள் என்றேன். பாஸ் உங்கள் பெயருக்குத்தான் என்றார்.

பஸ்ஸில் அக்கா, “விடுலே, நான் வீட்டுலயே பாத்துட்டம்லா” என்றாள். பிறகு அம்பாசமுத்திரம் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். நான் எப்படி விடுவேன்?

ஞாயிற்றுக்கிழமை என் இடத்தில் அக்காதான் உட்காருவாள். நான் பக்கத்தில் நிற்பேன். யாராவது வந்து அவளை எழுப்பினால், மறுநாள் பேப்பரில் நாடகச் செய்திக்கு முதல் வரி அதுதான். எழுப்பாவிட்டால், கோமதி மேடையில் வாய் திறக்கும்போது கீழே அக்காவின் உதடும் சேர்ந்து அசையும். நீங்கள் பார்க்க வேண்டியது அது. உங்களுக்கும் சேர்த்து நான் பார்க்கிறேன்.

அக்காவுக்குத் தம்பியும்
உங்களுக்கு என்றும் மச்சினனுமான
நான்