மண்டியிடும் சர்க்கார் வக்கீல்

தூத்துக்குடி
27-7-1948

அன்புள்ள அத்தானுக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். நேற்று மாதா கோவிலில் கொடியேறியது. திருநாளுக்கு வருவீர்களா என்று இம்முறை கேட்கவில்லை. இரண்டு வருஷமாகக் கேட்டாயிற்று.

சென்னை டாக்கிப் படக் கம்பெனி ஒன்றுக்குக் கிறிஸ்தவக் கதை எழுதியிருக்கிறேன். முத்து குளிக்கிற சந்தியாகு, முத்தை விழுங்கிவிட்டதாகப் பொய்யாகக் குற்றம் சாட்டப்படுகிறான். கோர்ட்டுக் காட்சியை இத்துடன் அனுப்புகிறேன். சட்டப் பிழை பார்த்துச் சொல்லுங்கள்.

தேவகனி

பாளையங்கோட்டை
29-7-1948

தேவகனிக்கு,

வாசித்தேன். சந்தியாகுவை வேதப்புத்தகத்தை முத்தமிட வைத்திருக்கிறாய். இந்த நாட்டில் குற்றம் சாட்டப்பட்டவனுக்குச் சத்தியப்பிரமாணமே கிடையாது. ஜட்ஜ் இரண்டு பக்கம் பிரசங்கம் செய்கிறார். அன்றைக்கு மற்ற வழக்குகள் இல்லையா? வேடிக்கை பார்க்க வந்தவன் எழுந்து, "திருடியது நான்" என்கிறான். டவாலிச் சேவகன் அவனை அப்போதே வெளியே தள்ளியிருப்பான்.

கடைசியில் சர்க்கார் வக்கீல் சந்தியாகுவின் முன் மண்டியிடுகிறார். இருபது வருஷமாக நானும் சர்க்கார் வக்கீல்தான். எவரும் மண்டியிட்டுப் பார்த்ததில்லை. அடித்துவிடு.

இனிகோ

தூத்துக்குடி
31-7-1948

அன்புள்ள அத்தானுக்கு,

சத்தியப்பிரமாணத்தை எடுத்துவிட்டேன். பிரசங்கத்தை நாலு வரியாக்கினேன். சர்க்கார் வக்கீலை மட்டும் அடிக்க மனம் வரவில்லை. நம் வீட்டிலிருந்து என்னோடு வந்து சமைக்கிற செல்லத்தாய்க்கு வாசித்துக் காட்டினேன். "டீச்சரம்மா, அந்த வக்கீலு நம்ம ஐயால்லா. மூக்குக்கண்ணாடியத் தொடைக்கிறது கூட அவியள மாரியே இருக்கு" என்றாள்.

நான் அப்படி நினைத்து எழுதவில்லை. எழுதி முடித்தபின் எனக்கும் தெரிந்தது. இந்தப் பள்ளிக்கூட வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் வேலைக்குக் கிளம்பிய அன்று, என் அண்ணன் முன்னால், "வீட்டை விட்டு ஓடுகிறவள்" என்றீர்கள். அந்தத் தீர்ப்பு இன்னும் அப்படியே நிற்கிறது.

தேவகனி

பாளையங்கோட்டை
2-8-1948

அன்புள்ள தேவகனிக்கு,

அது தீர்ப்பல்ல, குற்றச்சாட்டு. சட்டத்தில் அதற்கு வழியுண்டு. சர்க்கார் வக்கீல் மண்டியிட வேண்டாம்; கோர்ட்டாரின் அனுமதியோடு வழக்கை வாபஸ் வாங்கலாம். ஆனால் எங்கே குற்றம் சாட்டினாரோ, அங்கேயே எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். காட்சியை அப்படித் திருத்து.

புதன்கிழமை சாயங்கால ரயிலில் வருகிறேன். உன் அண்ணனையும் கூட்டி வருகிறேன். சொன்னது அவன் முன்னால்தானே. திருநாள் முடிந்ததும் ஊர் திரும்புவேன். உன் வேலைக்கு இடைஞ்சல் வராது. அடுத்த மாதமும் வரலாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

செல்லத்தாயிடம் சொல்: ஐயாவுக்கு முழங்கால் வலி. அதனால்தான் ஆட்சேபித்தேன்.

உன்,
இனிகோ