மாமாவோட எடது கை

பிப்ரவரி 11

சாயங்காலம் 4.10. போன மாசம் இதே தேதி, இதே நேரத்துக்குத்தான் போன்ல செய்தி வந்துச்சு. நான் போர்ட்ல கிரேன் பேனலத் தெறந்து வச்சிட்டு நிக்கேன். ஜெமி ஸ்கூட்டர்ல வந்துருக்கா. பைபாஸ்ல கன்டெய்னர் லாரி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள என் பொண்டாட்டி இல்ல.

அதுலேருந்து போன நான் ஆஃப் பண்ணுததே இல்ல. குளிக்கப் போனாலும் கூட வரும். அவ நம்பர்லேருந்து கால் வந்தாலும் வரும்னு... இன்ஜினியரிங் படிச்சவன் நெனைக்கிற நெனப்பா இது?

அவ அப்பாவுக்கு நான்தான் சொன்னேன். "மாமா, ஜெமி போயிட்டா மாமா." அவரு, "சரி மருமவனே. நீரு சாப்ட்டீரா?"

அவ்ளோதான். பெத்த மகளுக்கு அவ்ளோதான்.

பிப்ரவரி 12

டியூட்டி. வீடு. ஒண்ணும் உறைக்கல.

பிப்ரவரி 15

மாமா மில்லர்புரத்துல என் வீட்டுக்கு வந்தாரு. எடது கையக் கழட்டி மேசைல வச்சாரு. "உப்புக்காத்து புடிச்சிட்டு போல, பாரும்."

கார்கில்ல முழங்கைக்குக் கீழ போன கை. ஜெமி அப்ப ஒரு வயசுப் புள்ள. நெஞ்சுல மெடலோட வந்தவரு, ஒரு கம்பெனி கேட்ல செக்யூரிட்டியா நின்னாரு. நாசரேத்து ஊர் சர்ச்சுல கிறிஸ்மஸ் நாடகத்துல ஏரோது ராஜாவா வந்து சின்னப்புள்ளைகள அலற வச்சாரு. சண்டையப் பத்தி ஒரு புக்கு எழுதினாரு. அதப் படிச்ச டைரக்டர் ஒருத்தரு தேடி வந்து நடிக்கக் கூப்பிட்டாரு. இப்ப ஏழாவது படம். டீக்கடைல, "ஏலே, ஹீரோ அண்ணாச்சிக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு"ன்னு நக்கல் பண்ணுவானுக. "ஹீரோவுக்கு ரெண்டு கை வேணும்லே, நமக்கு அரைக் கிளாஸ் போதும்"ம்பாரு.

அது பேட்டரிக் கை. மிச்சம் இருக்குற சதைய இறுக்குனா சென்சார் புடிச்சுக்கிடும், மோட்டர் விரல மூடும். வேர்வ பட்டா தானாவும் ஆடும். ரிப்பேர்லாம் நான்தான். ஜெமி அடக்கத்தன்னைக்கு அந்தக் கை சும்மா தொங்குச்சு. பேட்டரியக் கழட்டி சட்டப்பையில போட்டுருந்தாரு. ஏன்னு நான் கேக்கல. கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரல அவருக்கு. எனக்கும்தான் வரல, சரி.

புதுப் படம் நம்ம திரேஸ்புரம் கடக்கரையிலதானாம். சங்கு குளிக்கப் போன மவன் மேல வரல. அப்பனுக்கு போன்ல சேதி வருது. அந்த அப்பன் மாமாதான். "ஒரு பக்கம் பூரா ஒப்பாரி எழுதி வச்சிருந்தாங்க. அடிச்சிட்டு நான் வேற எழுதிக் குடுத்தேன். டைரக்டரு, அந்த ஐஸ்வர்யாப் பொண்ணு ஒத்துக்கிட்டா"ன்னு பேப்பரக் காட்டுனாரு.

ஒரே வரி. "சரி. நீ சாப்ட்டியா?"

எனக்குத் தலைக்குள்ள சுர்ருன்னு ஏறிட்டு. "ஜெமிய சினிமாவுக்கு விக்கீரா மாமா?" கேட்டுட்டேன்.

"விக்கல மருமவனே. எனக்கு வேற சொல்லத் தெரியல."

எந்திச்சுப் போயிட்டாரு. கை மேசையிலயே கெடக்கு.

பிப்ரவரி 16

ஜெமியோட அம்மா, கிருபை அத்தை போன் பண்ணுனாங்க. "கோவம்னா இருந்துக்கிடுங்க தம்பி. கைய மட்டும் சரி பண்ணிருங்க. வியாழக்கெழம சூட்டிங். ஒத்தக் கையோட போயி நின்னா அந்த மனுசனுக்கு கூச்சம்."

மெடல் வாங்குன ஆளுக்குக் கூச்சமா?

கழட்டித் தொடச்சு, கியருக்கு கிரீஸ் வச்சு, சென்சார் ரெண்டையும் மாத்திட்டேன். என் கையில ஒட்டிப் பாத்தேன். நான் இறுக்குனா மூடுது, விட்டா நிக்குது. ஒரு கோளாறும் இல்ல.

பிப்ரவரி 20

கையக் குடுத்துட்டு வந்துரணும்னுதான் சூட்டிங்குக்குப் போனேன். வர முடியல.

மாமாவக் காணோம்னு தேடுதேன். சாரத்தக் கட்டிக்கிட்டு ஒருத்தரு வள்ளத்து ஓரமா குந்தியிருக்காரு. அவருதான். அந்தப் பட்டாளத்து முதுகு எங்க போச்சு? தோள் ரெண்டும் எறங்கி, கண்ணு கடல்லயே நெலைகுத்தி... ஆளே வேற. என் பக்கத்துல நின்ன சங்குகுளி அண்ணன் கேக்காரு, "இவரு எந்த வள்ளக்காரருப்பா? இதுக்கு முன்ன பாத்ததில்லையே." ஒரு மனுசனுக்குள்ள இன்னொரு மனுசன் இப்படி வந்து உக்காரமுடியுமா? எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. கிட்டப் போய் கைய மாட்டிவிட்டேன்.

சவுண்டு பாக்குற ஜெயகணேஷ், "எல்லாரும் போன ஆஃப் பண்ணுங்க. சைலன்ட் இல்ல, ஆஃப். மைக்ல இரையும்"னான். முடியாதுன்னேன். "அப்ப ஐஸ் வண்டிக்கு அங்கிட்டு போயிருங்கண்ணே, அங்கன ஒரு மானிட்டர் கெடக்கு." போனேன்.

டேக். மாமா போனக் காதுல வச்சாரு. "சரி. நீ சாப்ட்டியா?" மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. கல்லு. ஆனா எடது கை தெறக்குது, மூடுது. தெறக்குது, மூடுது. காத்துல எதையோ புடிக்கப் பாக்குற மாதிரி.

"கட்"னு சத்தம் போட்டான் ஜெயகணேஷ். "கை கிர்ருங்குது மேடம்! இன்ஜினியர் மருமவன் இருக்காராம்ல, கூப்பிடுங்க."

ஓடிப்போய்ப் பாத்தேன். வேர்வ இல்ல. சென்சார் காஞ்சு கெடக்கு. கையில கோளாறே இல்ல. சதை இறுகாம இந்த விரல் மூடாது. அது எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும். மூஞ்சிய என்ன வேணாலும் பண்ணலாம். இது அவரு பண்ணுததில்ல, தானா இறுகுது.

"பேட்டரிய எடுத்துரலாமா சார்?" ஐஸ்வர்யா கேட்டாங்க.

மாமா என்னயப் பாத்தாரு. மெதுவாச் சொன்னாரு. "ஆஸ்பத்திரியில அவ கைய இதாலதான் புடிச்சேன் மருமவனே. பொறவு விடமாட்டேன்னுட்டு. நர்ஸம்மாதான் வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சுவிட்டுது. அதான் அடக்கத்தன்னைக்குப் பேட்டரியக் கழட்டுனேன். இன்னைக்கு வேண்டாம்."

நான் அந்த ரூமுக்கு வெளியதான் நின்னேன். உள்ள போகல.

ஐஸ்வர்யா ஹெட்போன வாங்கி மாட்டி அந்தச் சத்தத்தக் கேட்டாங்க. பொறவு, "அந்தச் சத்தம் இருக்கட்டும் ஜெயகணேஷ். அதையும் சேத்து எடுங்க"ன்னாங்க. அதுக்குள்ள வெளிச்சம் போச்சு. நாளைக்குக் காலைல திரும்ப.

கெளம்பும்போது மாமா, "நீரு கிட்டக்க நிக்கணும். சிக்கிக்கிட்டுன்னா பிரிக்க ஆளு வேணும்லா?"

வீட்டுக்கு வந்து அழுதேன். சத்தமா. பக்கத்து வீட்டுல கதவத் தட்டிக் கேட்டாங்க.

பிப்ரவரி 21

திரேஸ்புரம். கடல் அசையாம கெடக்கு. மாமா வந்ததும், "சாப்ட்டீரா?"ன்னாரு. "சாப்ட்டேன் மாமா. நாலு இட்லி." தலைய ஆட்டிட்டுப் போயி வள்ளத்து ஓரமா குந்திட்டாரு. தோள் எறங்கிட்டு. இனிமே கட் சொல்லுத வரைக்கும் அவரு எங்க மாமா இல்ல.

கேமராவுக்குப் பக்கத்துல, அவரு எடது கைக்கு நேரா எனக்கு எடம் போட்டுருக்காங்க. ஜெயகணேஷ் ஹெட்போன மாட்டிக்கிட்டு என்னயப் பாக்கான்.

போன ஆஃப் பண்ணிட்டேன்.