பியூலா சிஸ்டருக்கு யார் சொல்வது

சிவகாசி,
புதன் மதியம்

அன்பு மகள் பெர்சிஸுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நீயும் மாப்பிள்ளை ஜெபசுந்தரும் டப்ளின் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். அம்மாவைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். தினமும் வீடியோவில் பார்க்கிற அப்பா எதற்குக் கடிதம் போடுகிறார் என்று பயந்துவிடாதே. போன் பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி எப்படிப் பேசுவது, அதனால் அச்சாபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன். தீபாவளி லேபிள் ஆர்டர் எல்லாம் போய்விட்டது, இப்போது காலண்டர் சீசன், மிஷின் ஓடுகிற ஆட்டத்தில் எழுத்து கோணலாக விழுந்தால் பொறுத்துக்கொள்.

போன வாரம் அம்மாவை விருதுநகர் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பக்கவாதம் வந்ததில் கால் ஓரளவு திரும்பிவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள், வலது கைதான் விழுந்தது விழுந்தபடி இருக்கிறது. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு அடைப்பு சின்னதுதான், இது திரும்பி வரக்கூடிய கை, ஆனால் வருகிற சில மாதங்களுக்குள் விடாமல் பயிற்சி செய்தால்தான் உண்டு, அதை விட்டுவிட்டால் இப்படியே நின்றுவிடும் என்றார். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது என்னிடம், "இந்தக் கேசு தேறாதுங்க, டாக்டர் சின்ன வயசு, அவருக்குத் தெரியல" என்று சொன்னாள். அடுத்த கட்டிலில் கிடக்கிற யாரையோ பற்றிச் சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

உன் அம்மா தேறாது என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தீக்காய வார்டில் நர்ஸாக வேலை பார்த்த காலமெல்லாம் ஆள் வந்து இறங்கும்போதே முகத்தைப் பார்த்து இவன் வீட்டுக்குப் போவான், இவன் போகமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். டியூட்டி முடிந்து வந்து சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தால் நானும் ஒன்றும் கேட்கமாட்டேன். இப்போது அதே கண்ணால் தன்னைப் பார்த்துவிட்டாள். டாக்டரை நம்புவதா இவளை நம்புவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. பயிற்சி கொடுக்க வருகிற பிரீத்திகா நல்ல பொண்ணு, அம்மா அவளிடம் கையை எடுத்துக் கொடுப்பதைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி இருக்கும். அந்தப் பொண்ணு வந்து விரலை முடக்கி விரித்துவிடுவாள், அவள் போன பிறகு அம்மா அந்தக் கையைத் தொடமாட்டாள். "நாங்க மட்டும் ஆட்டி என்ன அங்கிள் செய்ய, ஆன்ட்டி மனசு வைக்கணும்ல" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். மனசு வைப்பது என்றால் என்ன, அதை எங்கே வைப்பது, எனக்கு விளங்கவில்லை. மிஷினில் கலர் விலகி விழுந்தால் பிளேட்டைப் பார்ப்பேன், ரோலரைப் பார்ப்பேன், எங்கேயோ ஒரு காரணம் இருக்கும். இதில் எதைத் திருக?

என் பங்குக்கு நானும் ஒரு கிறுக்குத்தனம் செய்துவிட்டேன். அம்மாவுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று சர்ச்சில் சொல்லி, பெண்கள் ஐக்கிய சங்கத்தாரை வீட்டுக்கு ஜெபத்துக்கு வரச் சொன்னேன். அவர்கள் பாசமாகத்தான் வந்தார்கள். வந்து அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து, துக்க வீட்டில் சவப்பெட்டி எடுக்கும்போது பாடுகிற பாட்டைக் கண்ணை மூடி உருக்கமாகப் பாடிவிட்டார்கள். அது ஆறுதல் பாட்டு என்பது அவர்கள் நினைப்பு. கூட வந்த செல்வமணி டீச்சர் பாதியில் கண்ணைத் திறந்து அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தவும் முடியாமல் பாடவும் முடியாமல் தவித்தார்கள். எல்லாரும் காப்பி குடித்துவிட்டுப் போன பிறகு அம்மா, "பாத்தீகளா, அவுகளுக்கே தெரிஞ்சிருக்கு" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை விஸ்வநத்தத்திலிருந்து தனுஷ்கோடி என்று ஒருவர் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு வந்தார். நீ சின்னப்பிள்ளையாக இருக்கும்போது பட்டாசுக் கம்பெனி விபத்தில் மேலெல்லாம் வெந்து அம்மா வார்டில் கிடந்தவராம், இப்போது லோடு வண்டி ஓட்டுகிறார், கழுத்தில் தழும்பு தெரிகிறது. அம்மாவைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, "சிஸ்டர், நீங்க அன்னைக்கு என் பக்கத்துல நின்னு, ஏலே தனுஷ்கோடி, நீ நடந்தே வீட்டுக்குப் போவே, நான் பாக்கத்தான் போறேன்னு சொன்னீக. அந்த ஒரு சொல்லப் பிடிச்சுக்கிட்டுத்தான் அம்புட்டு நாளும் கெடந்தேன்" என்று அழுதுவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இதைவிட நல்ல மருந்து அம்மாவுக்கு எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன். அவர் போன பிறகு அம்மா கொய்யாப்பழப் பையை இடது கையால் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள், "அவன் அன்னைக்கு ராத்திரி தாண்டமாட்டான்னுதான் நெனச்சேன். எல்லாத்துக்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவேன். போறவன் பயமில்லாமப் போகட்டும்னு சொல்றது. அது பொய்யிங்க."

அன்றிலிருந்து என் குழப்பம் இரண்டு மடங்காகிவிட்டது. அவள் பொய் சொன்னாள், அவர் அதை மெய் என்று பிடித்துக்கொண்டார், நடந்து வீட்டுக்கும் போய்விட்டார். அப்படியானால் அந்தச் சொல் பொய்யா மெய்யா? அதே சொல்லைக் கேட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்களே, அவர்கள் சரியாக நம்பவில்லை என்றா சொல்வது, அது பாவம் இல்லையா? நீயும் நர்ஸ்தானே, உங்கள் படிப்பில் இதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா? எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஊரில் படுத்தவர்களுக்கெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்ல உன் அம்மா இருந்தாள், அவளுக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்? யார் சொன்னாலும் அது என்ன சொல் என்று அவளுக்குத் தெரியுமே. இதை நினைத்து நான் அழுதேன் பெர்சிஸ், உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

திங்கட்கிழமை மதியம் அவள் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், சோறு மடியில் சிந்தியது. என்ன தோன்றியதோ, ரசத்தை ஊற்றிக்கொண்டே தட்டைப் பார்த்தபடி, ஏ பியூலா, நீ இந்த வலது கையாலேயே பிசைந்து சாப்பிடுவே, நான் பார்க்கத்தான் போறேன் என்று சொல்லிவிட்டேன். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்றுதான் இருந்தேன். "உங்களுக்குச் சொல்லவே தெரியலங்க. தட்டப் பாத்துக்கிட்டா சொல்லுவாக? பேஷண்ட் கண்ணப் பாத்துல்ல சொல்லணும்" என்றாள். மடியில் சிந்திய சோற்றைத் தட்டிவிட்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

அதிலிருந்து ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் சொல்கிறேன். கட்டைவிரல் லேசாக அசைந்ததாக எனக்குத் தெரிந்தது, அவள் இல்லவே இல்லை என்கிறாள், யார் கண் சரி என்று சொல்லத் தெரியவில்லை. உங்கள் எல்லாரையும் ஆண்டவர் நோய் நொடி இல்லாமல் காத்து நடத்துவாராக. மாப்பிள்ளையை வண்டி மெதுவாக ஓட்டச் சொல். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, இனி நீ போனில் வந்தால் கை எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்காதே. வந்துவிடும் என்று நீயும் சொல், அவள் நம்பமாட்டாள், அது எனக்கும் தெரியும். போனைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, அவள் கண்ணைப் பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
மாணிக்கராஜ்